பதினைந்துக்கு அப்புறம்

கோபித்துக்கொண்டு தூங்கப் போனவருக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. கார் சாவியும் பக்கத்திலேயே.

"இந்த வண்டியோட மாரடிக்க என்னால முடியாது, வித்துத் தொலைச்சிடலாம்"னு நேற்று கத்தினீர்களே, பேட்டரி புதிதாகப் போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகைதான் வருகிறது என்று. சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஜோராகச் சுற்றும்போது பேட்டரி என்ன பாவம் செய்தது? விடிந்ததும் பானெட்டைத் திறந்து, பல்பு வைத்து எதில் கரண்ட் போகவில்லை என்று பார்த்தேன். ஸ்டார்ட் செய்யுமுன் டீசல் இன்ஜினைச் சூடாக்கும் நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்துக் கிடந்தன. உங்கள் டூல் பெட்டியிலேயே ஸ்பேர் இருந்தது, மாற்றிவிட்டேன்.

இனி பழையபடி சாவியைப் பாதி திருப்பி, பதினைந்து எண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சின்ன வயதில் மகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவீர்களே, அதே மாதிரி. அவள் எண்ணக் கற்றதே அப்படித்தான். பள்ளியில் டீச்சர், "பதினஞ்சுக்கு அப்புறம் என்னம்மா?" என்று கேட்டதற்கு, "டுர்ர்ர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று முழுக்கச் சிரித்தீர்கள்.

பதினோரு மணி ரயிலில் வருகிறாள். ஸ்டேஷனுக்கு இதிலேயே போங்கள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

பி.கு.: நீங்கள் வரச் சொன்னபடி சாயங்காலம் கார் வாங்க வருகிறவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்னொன்று: ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது இன்ஜின் சூடாகத்தான் இருக்கும், எண்ண வேண்டியதில்லை. இருந்தாலும் சத்தமாக எண்ணுங்கள். பதினைந்தோடு நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பாருங்கள்.