எஸ்தர் அண்ணி சேர்த்துவைத்த ‘ரன்’

என் எஸ்தர் அண்ணிக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எளாவூரில் நம் கல்கத்தா ரோட்டில் லாரிகள் இன்னும் செக்போஸ்ட் வரைக்கும் வரிசைகட்டி நிற்கின்றன. அண்ணன் சோறு வடிக்கப் பழகிவிட்டான். உன் மகள் கிருபா பத்தாவதுக்குப் போய்விட்டாள். உன்னிடம் ஒன்றை நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால் இந்தக் கடிதம்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நீ பத்து வருஷமாக மெஷின் ஆபரேட்டர். டிப்ளமா படித்த நான் அதே கம்பெனியில் ஆபீஸுக்குள் வந்து உட்கார்ந்தேன். உனக்கு லைன் சூப்பர்வைசர் ஆக ஆசை. அதற்கு இங்கிலீஷில் இன்டர்வியூ. தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்த நீ, ஒரு பழைய டைரியில் சொல் சொல்லாக எழுதிப் படித்தாய்.

அதிலும் ‘ரன்’ என்றால் உனக்குத் தனிப் பிரியம். அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு பக்கம். ஷேர் ஆட்டோவில் போகும்போது என் தோளைத் தட்டுவாய்.

“மெஷினு ரன் ஆவுது, சரி. மூக்கு ஒழுவுனாலும் ரன்னாம். கடை நடத்துறதும் ரன்னு, எலெக்சன்ல நிக்கிறதும் ரன்னு. நிக்கிறவனப் போயி ஓடுறான்னு சொல்றாங்களே, இன்னா கத இது?” என்று சிரித்தாய். “ஒத்த வார்த்தைய வச்சிக்கினு இத்தினி வேல வாங்குறாங்க பாரு. நம்மள மாதிரியே.”

நான் போனைப் பார்த்துக்கொண்டே “ஆமா அண்ணி” என்றேன். அந்த டைரியை ஒரு தடவையாவது வாங்கிப் பார்த்திருக்கலாம்.

இன்டர்வியூ அன்று உனக்குக் காய்ச்சல். “லீவு போடு அண்ணி” என்றேன். “இத்த உட்டா அப்பறம் எப்ப கூப்புடுவாங்களோ” என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தாய். அறையில் மேனேஜர், எச்.ஆர். அதிகாரி, குறிப்பெடுக்க நான். ஏன் சோர்வாக இருக்கிறீர்கள் என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். நீ எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, “சார், ஐ ஆம் ரன்னிங் எ ஃபீவர்” என்றாய்.

எனக்குப் புத்தி எங்கே போனதோ! “ஃபீவர் எங்க அண்ணி ஓடுது, கல்கத்தா ரோட்லயா?” என்றேன்.

மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எச்.ஆர். அதிகாரியும் சிரித்தார். நீயும் சிரித்தாய் அண்ணி. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதன்பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் நீ இங்கிலீஷில் வாய் திறக்கவில்லை.

வேலை வேறொருவருக்குப் போனது. நீ என்மேல் கோபப்படக்கூட இல்லை. “எனக்கெல்லாம் அது வராது, உடு” என்றாய். அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஒரு காலையில், கிருபாவுக்கு நாஷ்டா எடுத்துவைக்கும்போது விழுந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு முழுதாக ஒரு வருஷம் இருந்தது. உன்னைக் கேலி செய்ததைத் தப்பு என்றே நான் நினைக்கவில்லையே, என்ன சொல்ல?

போன மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. மகனுக்குக் காய்ச்சல், மீட்டிங்குக்கு வரமுடியாது என்று எழுதியிருந்தார். ‘ரன்னிங் எ ஃபீவர்’. நீ சொன்ன அதே சொற்கள். நடுவில் வரும் அந்தச் சின்ன ‘எ’யைக்கூட நீ விடவில்லை அண்ணி. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எஸ்தர் அன்று பேசியது சரியான இங்கிலீஷ்தான் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “எந்த எஸ்தர்?” என்று கேட்டார்.

நேற்று சர்ச்சுக்குப் போய் வந்தபின் கிருபா இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, “அம்மாக்கு இங்கிலீஷ் வராதில்ல அத்த? அதாங்காட்டி சூப்பர்வைசர் ஆவல” என்றாள்.

“யாரு சொன்னா?”

“அம்மாவேதான் சொல்லிக்கினு இருந்துச்சு.”

நான் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டாவது முறையும் உன்னைக் காட்டிக்கொடுத்தேன்.

கிருபா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் இது. வந்ததும் உட்காரவைத்துச் சொல்லப்போகிறேன். இன்டர்வியூவில் அவள் அம்மா பேசிய இங்கிலீஷ் சரிதான், தெரியாமல் இருந்தது எனக்குத்தான், எல்லாரையும் சிரிக்கவைத்ததும் நான்தான் என்று. அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். அம்மாவுக்கு வராது என்ற பேச்சு இனி இந்த வீட்டில் இருக்காது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் நாத்தனார்,
ஜெபா