பேங்குக்குத் துணை போன வாரம்

9 அக்டோபர் 2012, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.
தாசில்தார் ஓர் உத்தரவை நீட்டினார். வீட்டுக் கடன் தவணை நின்றுபோன வீடு. வியாழனன்று பேங்க் கையகப்படுத்துகிறது. வருவாய் ஆய்வாளர் என்ற முறையில் போலீஸோடு நான் துணைக்குப் போக வேண்டும்.
பெயரைப் பார்த்தேன். வசந்தா. முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்திருந்தவள். புயலுக்குப் பிறகு ஜனவரியில் அவள் தோப்பில் சாய்ந்த மரங்களைக் கணக்கெடுத்ததே நான்தான்.

10, புதன்
தாசில்தாரிடம் கேட்டேன். “பயிர்க் கடனுக்கு அவகாசம் குடுத்தாங்களே சார், இதுக்கு ஒண்ணும் இல்லையா?”
“அது அவுங்களுக்கும் பேங்குக்கும் உள்ளதும்மா. நாம கூடப் போறதோட சரி.”
வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, தேங்காய் எண்ணெய், இவர் மாத்திரை.
சிதம்பரம் வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். “நம்ம வீட்டுக்கும்தான் லோன் ஓடுது. வேலைய காப்பாத்திக்க” என்றார்.

11, வியாழன்
வசந்தாவின் புருஷன் திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டில் அவளும் மகளும். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
“நீங்கதான மேடம் அன்னிக்கி மரத்த எண்ணுனீங்க? இன்னிக்கி எத எண்ண வந்தீங்க?”
கேட்டது வசந்தா.
பேங்க் ஆள் பூட்டோடு நின்றான். ஒரு வாரம் கேட்டேன், முடியாது என்றான். வெளியே வந்து தாசில்தாருக்குப் போன் செய்தேன்.
“புள்ளத்தாச்சிய தெருவுல நிக்க வைக்க என்னால ஆவாது சார்.”
கத்தினார். கடைசியில், “எழுதிக் குடு. உன் பொறுப்பு.”
பிரசவம் முடியும்வரை துணை வர முடியாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போலீஸ் ஜீப் திரும்பியது.

15, திங்கள்
கலெக்டர் ஆபீஸில் மனு நாள். வசந்தாவை வரச் சொல்லியிருந்தேன். அவள் பின்னால் நின்றேன்.
“மரம் போனதுக்கு நிவாரணம் குடுத்தீங்கய்யா. வீடு போறப்ப பேங்குக்கு ஆபீசரையும் போலீஸையும் துணைக்கு அனுப்புறீங்க. எங்களுக்குத் துணைக்கு யார அனுப்புவீங்க?”
கலெக்டர் மனுவை இரண்டு முறை படித்தார். பேங்க் அதிகாரியை அழைத்து, “உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்ல. அவகாசம் குடுங்கன்னு கேட்டுக்கிறேன்” என்றார்.
மதியம் எனக்கு மெமோ. ஏன் நிறைவேற்றவில்லை? விளக்கம் தேவை.

18, வியாழன்
மழை. துணி எதுவும் காயவில்லை.
வசந்தா போன் செய்தாள். பெண் குழந்தை. சுகப்பிரசவம். பேங்க் தை வரைக்கும் பொறுக்குமாம். “முந்திரி உடைக்கக் கூலிக்குப் போறேன் மேடம். எப்படியாவது கட்டிப்புடுவோம்.” குரலில் சிரிப்பு.
எனக்கு மாற்றல் என்பதை அவளிடம் சொல்லவில்லை. காட்டுமன்னார்கோவில். திங்களன்று சேர வேண்டும்.
தையில் அந்த வாசலில் போய் நிற்கப்போவது என் இடத்துக்கு வருகிறவர். விவரம் சொல்ல அவர் நம்பர் வாங்கி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடிக்க வேண்டும்.