படத்தில் உம்மாவின் பெட்டி

சங்கரன்கோவில்

அன்பு மகன் முகம்மது சாதிக்குக்கு உம்மா சொல்லச் சொல்ல தங்கை ஷிரின் பானு தன் வார்த்தையில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மெட்ராஸில் நீயும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது, பாதியில் வாப்பா வாங்கிப் பேசி வைத்துவிடுகிறார், அதனால் கடிதமே எழுது என்று உம்மா சொல்லிவிட்டார். அப்துல் ஜப்பார் மாமா இன்று ரயிலேறுகிறார், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்துவிடுகிறோம். உம்மாவுக்கு முட்டுவலி முன்பு மாதிரிதான். திருவேங்கடம் பக்கம் மழை இல்லை, ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் பூ விலை இறங்கிவிட்டது. ராயகிரி ஹாலிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவளுக்குப் பிடிக்கவில்லையாம்.

இனி விஷயம். பி.காமோடு மைனராக, அதாவது துணைப்பாடமாக நீ எடுத்த மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பாடத்துக்காக, நம் பூ வியாபாரத்தில் யாரிடமிருந்து யாருக்குச் சேதி போகிறது என்று படம் போட்டு அனுப்பியிருந்தாய். நம்மிடம் பூ வாங்குகிற செங்கோட்டை சுயம்புலிங்கம் ஒரு பெட்டி, அதிலிருந்து அம்புக்குறி போட்டு உம்மா ஒரு பெட்டி, பிறகு வாப்பா, கடைசியில் மார்க்கெட்டில் நமக்குப் பூ எடுக்கிற அப்சல் சாச்சா. உம்மாவின் பெட்டிக்குக் கீழே சிவப்பில் டிலே என்று எழுதியிருந்தாய். நான் ஒன்பதாவதோடு நின்றவள், ஆனாலும் அந்தச் சொல் தெரியும், தாமதம் என்று உம்மாவுக்குச் சொன்னேன். உம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், மிச்சத்தையும் வெட்டி முடித்தார். வாப்பாதான் கத்தினார். பெத்தவளைக் குத்தம் சொல்லத்தான் அங்கன போய்ப் படிக்கானா, ஏட்டி போடு அவனுக்குப் போனை, அந்த மைனரை விட்டுட்டு டாலி கணக்குப் படிக்கச் சொல்லு என்றார். அதற்கு நீயும் சரி, விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாய்.

நீ வரைந்தது பொய்யில்லை. வாப்பா சாப்பிட்டு எழும்பும் வரை நம் வீட்டில் கெட்ட சேதி சொல்லுவதில்லை. இன்றைக்குப் பூ வேண்டாம் என்று சுயம்புலிங்கம் வீட்டு போனுக்குச் சொன்னாலும் உம்மா அதை மனசில் வைத்துக்கொண்டு இட்லி பரிமாறுவார். வாப்பா வாயால் சொன்னால்தான் சாச்சா கொள்முதலை நிறுத்துவார், அதற்குள் மல்லிகையை எடுத்துவிடுவார், மதியத்துக்குள் அது விரிந்து ஒன்றுக்கும் ஆகாமல் போகும். இது எத்தனையோ முறை நடந்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை சுயம்புலிங்கம் பூ வேண்டாம் என்றார். வாப்பா சுகர் மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார், உம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தார். உன் படத்தை நினைத்து அன்றைக்கு உம்மா காத்திருக்கவில்லை, அப்படியே சொல்லிவிட்டார். வாப்பா சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க் கொள்முதலை நிறுத்திவிட்டார், ஒரு பூவும் வீணாகவில்லை. ஆனால் அங்கேயே சுகர் இறங்கி, வேர்த்து, யாருடைய பூ மூட்டை மேலோ சாய்ந்துவிட்டார். டீக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் ஓடிவந்து சீனி போட்ட டீயைப் புகட்டினாராம். வாப்பா கண் திறந்ததும் அண்ணாச்சி, என்ன வே, பூ மூட்டையில சாஞ்சு கெடக்கீரு, இந்த வயசுல மாப்பிள்ளை ஊர்வலமா போறீரு என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம், வாப்பாவும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்ததும் அவர் சிரிக்கவில்லை. உம்மா தோசை சுட்டுப் போட்டார், அவர் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் உம்மா அந்தப் படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னார். என் பெட்டியை எடுக்கச் சொல்லாதே, டிலேங்கிறதை மட்டும் அழிக்கச் சொல்லு, மாத்திரை போட்டுட்டு வெறும் வயிறுன்னு எழுதச் சொல்லு, நான் எதுக்குச் சேதியைச் சொல்லாம வச்சிருக்கேன்னு கேக்காம வரைஞ்சா எப்படி மக்கா என்றார். வாப்பா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சாச்சாவைக் கூப்பிட்டு, இனிமே ஷிரின் போன்ல சொன்னா நான் சொன்ன மாதிரி, நிறுத்துன்னா நிறுத்திரு என்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத் தெரியும், வீட்டுக்கு ஆள் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன், போனைக்கூட உம்மா கையில்தான் கொடுப்பேன். நேற்று திரும்பவும் வேண்டாம் என்று வந்தது. வாப்பா மாத்திரை போட்டிருந்தார். நான் சாச்சாவுக்குப் போன் போட்டேன். ஏட்டி, வெறும் காத்துதான் வருது, பேசுட்டி என்றார். இன்றைக்குப் பூ எடுக்காதீங்க என்றேன். வாப்பா சொன்னாரா என்றார். நான்தான் சொல்லுதேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். வாப்பா சாப்பிட்டு முடித்த பிறகு அவரிடம் சொன்னோம். கை கழுவிவிட்டு வந்து, அவன் அந்தப் பாடத்தையே படிக்கட்டும், விட வேண்டாம்னு எழுது என்றார்.

ஆகையால் மைனரை மாற்றாதே. மாற்றுவதற்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றாய், அதற்கு முன்பே போய் விடவில்லை என்று சொல்லிவிடு. படத்தைத் திருத்தி வரை, எனக்கும் ஒரு பெட்டி போட வேண்டியிருக்கும். தொழுகையை விடாதே, வெளியே எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே. அல்லாஹ் உன் அறிவில் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா ஜுலைகா பீவி
கைப்பட எழுதியது ஷிரின் பானு