மறையாத வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டரில் ஊழியர் பட்டியல் இருக்கிறது. தேடும் கட்டத்தில் ஒரு பெயரைத் தட்டினால் மற்ற வரிகள் மறைய வேண்டும். ஆனால் எதைத் தட்டினாலும் ஒரு வரி மறையவே இல்லை. என் பெயரைத் தட்டினாலும் எனக்குக் கீழே அது நின்றது. போன வருடம் விபத்தில் இறந்த டிரைவருடைய வரி.

"நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன்," என்றார் பக்கத்து மேசைக்காரர். "அவனும் நானும் ஒரே ரூம்ல இருந்தோம். இனிமே அவனை யாரும்மா தேடப்போறா?"

மேலாளர் சொல்லிவிட்டதால் சரிசெய்தேன். அதன்பின் என் பெயரைத் தட்டினால் வெள்ளைத் திரையில் நான் மட்டும்தான். பக்கத்து மேசையில் அவர் நண்பரின் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

பயப்படாதீர்கள் அம்மா. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். சும்மாதான். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்