சுவரில் எழுதிய வர்க்கங்கள்

ஆம்பூர், 1933

நாற்பது ஆண்டுகளாக நான் பதில் எழுதாத தோழிக்கு,

ஒன்று முதலான எண்களின் வர்க்கங்களை வரிசையாக எழுதினால் கடைசி இலக்கங்கள் 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1, 0 என வந்து, மறுபடி அப்படியே தொடங்கும். கல்லூரியில் நாம் இருவரும் கண்டதுதான்.

சென்ற வாரம் பொழுது போகாமல், அந்தப் பத்து இலக்கங்களை என் மகனுடைய தோல் பதனிடும் கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். கீழே பத்துச் சுண்ணாம்புக் குழிகள். தோல் ஊற வேண்டிய நாட்களை அந்தந்தக் குழிக்கு மேலே சுவரில் எழுதுவது அங்கே வழக்கம், மறந்துவிட்டேன். மேஸ்திரி ஜான் பாஷா என் இலக்கங்களின்படியே தோல்களை எடுத்தார். பாதிக்கு மேல் பாழ்.

எனக்கு ஓய்வு வேண்டும் என்கிறான் மகன். மாடியறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுவதும் அந்த ஓய்வுக்காகவே. என் புத்தி பேதலித்ததென்று எழுதித்தர, சனிக்கிழமை டாக்டர் வருகிறார். அத்தாட்சி, அந்தச் சுவர்.

கடிதத்தை வாங்கிப்போக ஜான் பாஷா சன்னலுக்குக் கீழே நிற்கிறார். "நம்பர்ல தப்பு இல்லம்மா, தோலுக்குத்தான் கணக்கு தெரில," என்கிறார். அவர் சொல்லை டாக்டர் ஏற்கமாட்டார்.

நீ கணிதம் கற்பித்தவள். சனிக்கிழமைக்குள் வந்து, அடுத்த பத்து வர்க்கங்களை டாக்டர்முன் எழுதி, அதே இலக்கங்கள் மறுபடி வருவதைக் காட்டு. திருமணம் என்னைப் பூட்டிவைத்துவிடும் என்று அன்று நீ சொன்னது சரிதான். அதை மட்டும் அவரிடம் சொல்லாதே. நீ வரும்வரை நான் வாய் திறக்கப்போவதில்லை. திறந்தால், அதையும் நோய் என்பார்கள்.

பட்டம் வாங்கிய நாளில்
உன் பக்கத்தில் நின்றவள்