பனிக்கட்டி வெட்டுகிறவன் மேல் வழக்கு

1974 நவம்பர் 6, புதன்
ஒன்பதாம் வகுப்பில் இன்றும் அந்த வடதேசத்துக் கதை. உறைந்த ஏரியில் பனிக்கட்டி வெட்டுகிறவன், மகளின் படிப்பை நிறுத்தி, மீனுக்கு உப்பிடும் கொட்டகைக்கு வேலைக்கு அனுப்புகிறான். நான் வாசித்தேன், பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஏரி உறையுமா என்று ஒருத்தி கேட்டாள். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த நான் அதை எங்கே கண்டேன்?

நவம்பர் 8
ரோசி காப்பாற்றினாள். "டீச்சர், எங்க மாமா மேல மலையில, வட்டவடையில இருக்காரு. தை மாசம் காலையில புல்லு மேல கண்ணாடி மாதிரி படிஞ்சிருக்கும். மிதிச்சா நொறுங்கும்."
ஏரி முழுக்க அப்படி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டேன். மீதிக் கதையைத் தங்கள் தேயிலை எஸ்டேட் பேச்சில் அவர்களே சொன்னார்கள். அந்த அப்பன் மேல் எல்லோருக்கும் கோபம். அவன்மேல் வழக்குப் போட்டால் என்ன?

நவம்பர் 12
ஹெட்மாஸ்டர் அமிர்தநாதன் சாரிடம் கேட்டேன். "போர்ஷன் முடியுமா டீச்சர்?" என்றார். முடிப்பேன் என்றேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கொடுத்தார். நீதிபதிக்கு என்று தன் கறுப்புக் கோட்டையும் கொடுத்தார். நல்ல மனுஷர்.

நவம்பர் 14
என் வகுப்பு முத்துப்பேச்சியைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறார்களாம். அம்மா அழகுத்தாய்க்கு நெஞ்சு நோவு. தை பிறந்ததும் இவள் பேரைக் கொழுந்தெடுக்கப் பதிகிறார்கள். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற குழந்தை— நேக்கு மனசே ஆறலை. அவள் அப்பா பெரியமுத்துவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. வழக்கு அன்றைக்கு அவரை வரச்சொல்லிச் சீட்டு அனுப்பினேன். சூழ்ச்சிதான். இருக்கட்டும்.

நவம்பர் 22
முத்துப்பேச்சியை மகளாக நடிக்கச் சொல்லியிருந்தேன். மாட்டேன் என்றாள். அந்த அப்பனுக்கு வக்கீலாக நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்குப் படிக்க ஆசைதான். ஆனா வீட்டுல அம்மா படுத்துட்டா சின்னதுகளை யாரு பாக்குறது? அவரு வெறுத்து அனுப்பலை. மகளை அனுப்பிட்டு அன்னைக்கு அவரு சாப்பிட்டிருக்க மாட்டாரு. கதையில எழுதலை. ஆனா சாப்பிட்டிருக்க மாட்டாரு."

நீதிபதி ரோசியால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கடைசி பெஞ்சில், சட்டையெல்லாம் தேயிலைத் தூளோடு பெரியமுத்து உட்கார்ந்திருந்தார். மணி அடிக்குமுன் எழுந்து போனார்.

அவரைக் குத்திக்காட்டத்தானே கூப்பிட்டேன்? வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 25
முத்துப்பேச்சி வரவில்லை.

நவம்பர் 27
முதல் மணிக்கு முன்னாலேயே பெரியமுத்து வந்து நின்றார்.

"அவ அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்துட்டேன் டீச்சரம்மா. அதான் பிள்ளை வரலை. தேனியிலருந்து என் தங்கச்சி வாரா, சின்னதுகளைப் பாத்துக்கிட. இவ படிக்கட்டும்." பிறகு, "நான் சாப்பிடாததை அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா" என்றார்.

தப்பான எண்ணத்தோடு கூப்பிட்டேன், மன்னிக்கணும் என்றேன்.

"தெரியும் டீச்சரம்மா. தெரிஞ்சுதான் அன்னைக்கு வந்தேன்."

இந்த மலைக்கு மாற்றல் வந்தபோது அழுதேனே. எவ்வளவு அறியாதவள்.

1975 ஜூன் 4, புதன்
பத்தாம் வகுப்பும் எனக்கே. அழகுத்தாய் கொழுந்தெடுக்கத் திரும்பிவிட்டாள். புதுப் பாடப் புத்தகத்தில் ஒரு பாலைவனத்துக் கதை. ஒட்டகக்காரன், அவன் தம்பி, ஒரு கிணறு. வாசித்து முடித்ததும் முத்துப்பேச்சி எழுந்தாள்.

"டீச்சர், இதுல யாரு பக்கம் இன்னும் யாரும் பேசலை?"