பண்டிகை நாளில் வாரிய வெங்காயம்

மார்ச் 3, செவ்வாய்

வெங்காயத் தாள் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. இன்றோடு தண்ணீரை நிறுத்தினேன். அப்பா வரப்போரம் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தண்ணி விடு" என்கிறார். விட்டால் காய் ஊதிக்கொண்டு வரும், வெங்காயம் சேமிக்கிற பட்டறை ஷெட்டில் அடுக்கியதும் அழுகும். அவருக்குத் தெரியாதா என்ன? இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கால்தான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் இந்த வருஷம் நடவு தள்ளிப்போனது. மற்ற வருஷங்களில் பண்டிகைக்கு முன்பே வயல் காலியாகிவிடும். இந்தத் தடவை அறுவடையும் பண்டிகையும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

மார்ச் 5, வியாழன்

அண்ணன் போன் செய்தான். பண்டிகைக்கு அண்ணியோடு வருகிறானாம். "வந்த கையோட குத்தகை விஷயத்தையும் பேசி முடிச்சிடலாம், பட்டாசு." சின்ன வயதில் வைத்த பேர், இன்னும் விடமாட்டான். பக்கத்து டிராக்டர்காரர் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். அப்பாவுக்குச் சம்மதம், அண்ணனுக்கு ரொம்பவே சம்மதம். ஆனால் நிலம் அம்மா பேரில் இருக்கிறது. அம்மா வாயைத் திறக்கவில்லை. "பண்டிகைச் சாப்பாடு முடியட்டும், சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருஷமாக இதில் உழுகிறவள் நான், நடுகிறவள் நான். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! எனக்கு இந்த நிலம் வேணும். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். வேணும்.

மார்ச் 8, ஞாயிறு

பிடுங்கியாயிற்று. வேலைக்கு வரும் பெண்கள் நாளை தங்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள், பண்டிகை முடிந்துதான் வருவார்கள். அதனால் ஆள் இருக்கும்போதே பிடுங்கி, வரிசையாகப் படுக்கவைத்து, ஒரு வரிசைத் தாள் அடுத்த வரிசைக் காயை மூடுகிற மாதிரி போட்டோம். தாளும் காயும் சேருகிற கழுத்து காய்வதற்கு ஒரு வாரம் நல்ல வெயில் வேண்டும். "வானம் பளிச்சுன்னுதானே இருக்கு, நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்று சிரித்துவிட்டுப் போனாள் அவர்களில் மூத்தவள்.

மார்ச் 10, செவ்வாய்

நாளை பிற்பகல் கனமழை என்கிறார்கள். நாளைதான் பண்டிகை.

இந்த வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பண்டிகையன்று யாரும் மண்ணைத் தொடக் கூடாது. எல்லாரும் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "கல்யாணமாகி வந்த புதுசுல, பண்டிகைன்னா நான் சமைச்சு வச்சிட்டு வாசலையே பாத்துட்டு இருப்பேன். எல்லாரும் வயல்ல இருப்பாங்க. தனியாத் தின்னுட்டு, தனியாப் பாத்திரம் கழுவுவேன்" என்பாள். ஒரு வருஷம் பெரிய சண்டை போட்டு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாளாம். அப்பாகூட மீறியதில்லை.

இன்றே வாரிவிடலாம் என்று தனியாக இறங்கினேன். சாயங்காலம்வரை முதுகு ஒடிய வாரியும் ஒரு மூலைதான் ஆனது. நனைந்தால் அத்தனையும் அழுகும். அழுகினால் 'பார், இவளால் முடியாது' என்று குத்தகைக்குக் கொடுத்துவிடுவார்கள். வாரினாலோ அம்மா மனசு... அவள் கையில்தானே முடிவு இருக்கிறது? எந்தப் பக்கம் போனாலும் எனக்கு அடி.

மார்ச் 11, புதன். பண்டிகை.

காலையிலேயே மேற்கே கருத்துக் கிடந்தது. அடுப்படிக்குப் போனேன். "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்றேன். அவள் திரும்பவே இல்லை. "போகணும்னா போ. என்னை ஏன் கேக்கற?"

அது சம்மதம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். போனேன்.

ராத்திரி வந்திறங்கிய அண்ணன் புதுச்சட்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். "பண்டிகையும் அதுவுமா என்னடி இது?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நனைஞ்சு அழுகினா உனக்கு வசதிதானே? குத்தகைக்கு ஒரு காரணம் கெடச்சிடும்" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். அண்ணியும் கூடை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா குடையும் நாற்காலியுமாக வந்து எல்லாரையும் விரட்டினார். அவருக்குப் பழைய உற்சாகம், கேட்க வேண்டுமா!

ஷெட் பாதியிலேயே நிரம்பிவிட்டது. மீதியை மேட்டில் குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்தோம். சாப்பாட்டு வேளை எப்போதோ போய்விட்டது. ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நான் உட்பட.

ஒரு சொட்டு விழவில்லை. சாயங்காலம் மேகம் கலைந்து, சுள்ளென்று வெயில் அடித்தது.

வீட்டுக்குள் வந்தால், சாப்பாட்டு மேசையில் நாலு தட்டு பரிமாறி மூடியபடி இருந்தது. ஐந்தாவது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆறிப்போனதை நாங்கள் நாலு பேரும் தலையைத் தூக்காமல் தின்றோம். குத்தகைப் பேச்சை அண்ணன்கூட எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மழை இல்லை. அம்மா பேசவும் இல்லை.

மார்ச் 13, வெள்ளி

அண்ணனும் அண்ணியும் கிளம்பினார்கள். "டிராக்டர்காரர் ஞாயித்துக்கிழமை வருவாரு. அம்மா சொல்றதுதான் முடிவு" என்றான். பிறகு, "நீ கேட்டது தப்பு" என்றான். தப்புதான். சொன்னேன், கேட்டுக்கொண்டான்.

இன்றைக்கும் மழை வரலாம் என்று போனில் காட்டுகிறது. தார்ப்பாய் அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

ஐயோ.

தார்ப்பாயைத் தூக்கியதும் சூடு முகத்தில் அடித்தது. பின்னாலேயே நாற்றம். கழுத்து காயாத வெங்காயத்தை மூடிவைத்து மூணு நாள் வெயிலில் விட்டால் வேறென்ன ஆகும்? உள்ளே வியர்த்து வியர்த்து... மழை வந்து கெடுத்திருந்தால் மழையைத் திட்டியாவது ஆறியிருப்பேன். நானே மூடினேன், நானே வேகவைத்தேன். இது தெரியாதவளா நான்? பயம் கண்ணை மறைத்துவிட்டது. குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அம்மா வந்தாள். எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கட்டை விரலால் ஒவ்வொன்றின் கழுத்தையும் அமுக்கி, அமுங்குவதை இந்தப் பக்கமும் அமுங்காததை அந்தப் பக்கமும் போட ஆரம்பித்தாள்.

"உன்னைத் தனியாச் சாப்பிட வச்சிட்டேம்மா."

அவள் நிமிரவில்லை. "வாயை மூடிட்டு கையை வேலையில வை."

பண்டிகைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். இருட்டும் வரை பொறுக்கினோம். ஷெட்டில் இருப்பது தப்பியது. மேட்டுக் குவியலில் பாதிகூடத் தேறாது.

மார்ச் 15, ஞாயிறு

டிராக்டர்காரர் வந்தார். நான் வாசலில் சாக்கை உதறுகிற சாக்கில் நின்றேன். அப்பாதான் ஆரம்பித்தார். "குவியல் பாதி போச்சு. இனிமே யோசிக்க என்ன இருக்கு?"

அம்மா காபியை வைத்துவிட்டு நிதானமாக, "நிலத்தைக் குடுக்கறதா இல்லைங்க" என்றாள்.

அப்பா அவளையே பார்த்தார். டிராக்டர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, பொண்ணு வெங்காயத்தை அழுக விட்டுடுச்சுன்னாங்களே?"

"ஆமா, விட்டுட்டாதான். யாரு இல்லேன்னா? அது போக, எனக்கு ஒரு பண்டிகைச் சாப்பாடும் பாக்கி வச்சிருக்கா. அதை வசூல் பண்ணாம அவளை இந்த நிலத்தை விட்டு அனுப்பறதா இல்ல."

சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். நான் அந்த ஒரே சாக்கை எத்தனை தடவை உதறினேனோ தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

அடுத்த நடவுக்கு விதையை ஒரு மாதம் முன்னாலேயே தூவிவிட வேண்டும். பண்டிகையன்று வயல் சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும்.